வீட்டுக் காவலுக்குக் காமிரா: வாங்குமுன் ஒரு கணக்கு

வெளியூர்க் கல்யாணத்திற்குப் போய்விட்டுத் திரும்பும் ஒரு குடும்பம், வீட்டுக் கதவின் பூட்டு உடைந்து கிடப்பதைக் காண்பதாக வைத்துக்கொள்வோம். வாசலில் காமிரா இருக்கிறது. அதன் பதிவைப் போட்டுப் பார்க்கிறார்கள். இரவு இரண்டு மணிக்கு ஓர் ஆள் வருகிறான், கதவை நெம்புகிறான், அரைமணி நேரம் கழித்து வெளியேறுகிறான். எல்லாம் பதிவாகியிருக்கிறது. ஆனால் முகம் இருக்கவேண்டிய இடத்தில் வெளுத்துப்போன ஒரு திட்டு மட்டுமே தெரிகிறது. ஆள் வந்தது தெரிகிறது. யார் வந்தது என்பது தெரியவில்லை.

காமிராவில் பழுது ஏதும் இல்லை. அது மலிவான சரக்கும் அல்ல. பின் குறை எங்கே? பொருத்துவதற்கு முன் போட்டிருக்கவேண்டிய ஒரு சிறு கணக்கைப் போடாததே குறை. அந்தக் கணக்கிற்கு உயர்ந்த படிப்பு எதுவும் தேவையில்லை. பள்ளியில் கற்கும் ஒத்த முக்கோணங்கள், எதிர்த்தகவு இருமடி விதி, ஓம் விதி ஆகிய மூன்றும் போதும். காகிதமும் பென்சிலும் அளவு நாடாவும் எடுத்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போகுமுன் நம் வீட்டுக்கு என்ன தேவை என்பதை நாமே கண்டறிவோம்.

தோன்றிய கதை

கம்பிவழித் தொலைக்காட்சிக் காமிரா முதன்முதலில் காவலுக்காகப் பிறந்ததன்று. 1942ஆம் ஆண்டில் ஜெர்மனியின் பீனமுண்டே என்னும் இடத்தில், வி-2 ராக்கெட்டுகள் ஏவப்படுவதைத் தொலைவிலிருந்து பார்க்க வால்டர் புருக் என்ற பொறியாளர் அதை அமைத்தார். வெடித்துவிடக்கூடிய ராக்கெட்டின் அருகில் மனிதன் நிற்க முடியாதல்லவா? அதனால் காமிரா நின்றது.

வீட்டிற்கு அது வந்தது ஒரு பெண்மணியின் அச்சத்தினால். நியூயார்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்ற செவிலியர் வாழ்ந்துவந்தார். அவரும் அவர் கணவரும் வேலைக்குச் செல்லும் நேரம் ஒத்துவராததால், பல வேளைகளில் அவர் தனியே இருக்க நேர்ந்தது. அழைத்தாலும் போலீஸ் உடனே வருவதில்லை. எனவே மின்னணுத் தொழில் அறிந்த கணவர் ஆல்பர்ட்டுடன் சேர்ந்து ஓர் அமைப்பை வகுத்தார். கதவில் வெவ்வேறு உயரத்தில் நான்கு துளைகள். அவற்றின் பின்னே மேலும் கீழும் நகரும் ஒரு காமிரா. படுக்கையறையில் ஒரு திரை. வெளியே நிற்பவரோடு பேச ஒலிவாங்கி. இருந்த இடத்திலிருந்தே தாழ் திறக்க ஒரு விசை. ஆபத்தை அறிவிக்க மற்றொரு விசை. 1966இல் விண்ணப்பித்த இதற்கு 1969 டிசம்பர் 2ஆம் நாள் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது.

துளைகள் ஏன் நான்கு? வருபவர் நெட்டையாகவும் இருக்கலாம், குட்டையாகவும் இருக்கலாம், குழந்தையாகவும் இருக்கலாம். ஒவ்வொருவர் முகமும் நேராகத் தெரியவேண்டும். காமிராவைவிட முகம் முக்கியம் என்பதை அந்த அம்மையார் முதலிலேயே உணர்ந்திருந்தார். இன்று காமிரா வாங்குவோர் பலர் மறந்துவிடுவது இதைத்தான்.

காமிராவின் உள்ளே

காமிராவின் முன்புறம் ஒரு வில்லை உள்ளது. அதன் பின்னால் நகத்தளவுகூட இல்லாத ஒரு சிலிக்கான் தகடு இருக்கிறது. இதுவே உணர்தகடு. இதன்மேல் ஒளி விழுந்தால் எலெக்ட்ரான்கள் விடுபடுகின்றன. ஒளி மிகுந்த இடத்தில் மிகுதியாகவும், குறைந்த இடத்தில் குறைவாகவும் மின்னூட்டம் சேர்கிறது. அதை எண்களாக மாற்றினால் படம் கிடைக்கிறது. 1969இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் வில்லர்ட் பாயிலும் ஜார்ஜ் ஸ்மித்தும் இத்தகைய தகட்டுக்கு வழிகோலினர். அதற்காக 2009ஆம் ஆண்டின் பௌதிக நோபல் பரிசில் பங்கு பெற்றனர். இன்றைய வீட்டுக் காமிராக்களில் பெரும்பாலும் இருப்பது, 1990களில் வளர்ந்த சீமாஸ் வகைத் தகடு.

தகட்டைப் பல இலட்சம் நுண்கட்டங்களாகப் பிரித்திருப்பார்கள். ஒவ்வொரு கட்டமும் படத்தின் ஒரு புள்ளியாகிறது. கடைக்காரர் "இரண்டு மெகாபிக்சல்" என்று சொல்வது இந்தப் புள்ளிகளின் தொகையைத்தான். அகலவாக்கில் 1920, உயரவாக்கில் 1080. பெருக்கினால் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள். நான்கு மெகாபிக்சல் காமிராவில் அகலவாக்கில் 2560 புள்ளிகளும், எட்டு மெகாபிக்சலில் 3840 புள்ளிகளும் இருப்பது வழக்கம்.

முகத்திற்கு எத்தனை புள்ளிகள்?

புள்ளிகள் மிகுந்தால் படம் தெளிவாகும் என்று எண்ணத் தோன்றும். அது பாதி உண்மையே. அந்தப் புள்ளிகள் எவ்வளவு அகலமான காட்சியின்மேல் பரவுகின்றன என்பதே மீதிப் பாதி. ஒரு படி அரிசியை ஒரு தட்டில் பரப்புவதற்கும் கூடம் முழுவதும் பரப்புவதற்கும் உள்ள வேற்றுமை போன்றது இது.

காவல் காமிராக்களுக்கான பன்னாட்டுத் தரநூல் ஒன்று இதற்கு அளவுகள் வகுத்துள்ளது. காட்சியின் அகலத்தில் ஒரு மீட்டருக்கு எத்தனை புள்ளிகள் விழுகின்றன என்று அது பார்க்கிறது. 25 புள்ளிகள் இருந்தால், ஆள் ஒருவர் இருக்கிறார் என்று அறியலாம். 62.5 இருந்தால், உடை முதலிய அடையாளங்களைக் கவனிக்கலாம். 125 இருந்தால், முன்பே தெரிந்த ஒருவரை இன்னார் எனக் கண்டுகொள்ளலாம். அறியாத ஒருவரை ஐயத்திற்கு இடமின்றி அடையாளம் காட்ட 250 புள்ளிகள் வேண்டும்.

மனித முகத்தின் அகலம் சுமார் 16 சென்டிமீட்டர். மீட்டருக்கு 250 புள்ளி என்றால் முகத்தின் குறுக்கே 40 புள்ளிகள் விழும். 25 புள்ளி என்றால் முகத்தின் குறுக்கே விழுவது நான்கே நான்கு! நான்கு புள்ளிகளை எவ்வளவு பெரிதாக்கினாலும் அவை நான்கு கட்டங்களாகத்தான் தெரியும். திரைப்படங்களில் துப்பறிவாளர் மங்கிய படத்தைப் பெரிதாக்கியவுடன் முகம் பளிச்சென்று தெரிவதாகக் காட்டுவார்கள். பதியாத செய்தியைப் பின்னர் உண்டாக்க முடியாது என்பதே உண்மை.

இப்போது நமக்கு ஒரு விதி கிடைத்துவிட்டது. இரண்டு மெகாபிக்சல் காமிராவின் 1920 புள்ளிகளை 250ஆல் வகுத்தால் 7.68 வரும். ஆளை அடையாளம் காட்டவேண்டிய இடத்தில் அந்தக் காமிராவின் காட்சி 7.68 மீட்டருக்குமேல் அகன்றிருக்கக் கூடாது. நான்கு மெகாபிக்சலுக்கு இந்த எல்லை 10.24 மீட்டர், எட்டு மெகாபிக்சலுக்கு 15.36 மீட்டர்.

வில்லைக் கணக்கு

காட்சியின் அகலத்தைத் தீர்மானிப்பது வில்லை. இங்கேதான் ஒத்த முக்கோணங்கள் உதவுகின்றன. வில்லையின் முன்னால் காட்சியும் தொலைவும் சேர்ந்து ஒரு பெரிய முக்கோணம் அமைகிறது. பின்னால் தகடும் குவியத் தொலைவும் சேர்ந்து ஒரு சிறிய முக்கோணம் அமைகிறது. இரண்டும் ஒத்தவை. எனவே,

காட்சியின் அகலம் = தகட்டின் அகலம் × பொருளின் தொலைவு ÷ குவியத் தொலைவு.

வீட்டுக் காமிராக்களில் பெரிதும் வழங்கும் தகட்டை "1/2.8 அங்குலம்" என்பார்கள். இது தகட்டின் உண்மையான நீளம் அன்று. பழைய காமிராக் குழாய்களின் வெளிவிட்டத்தைக் கொண்டு அளந்த வழக்கத்தின் எச்சம். அதன் உண்மையான அகலம் ஏறத்தாழ 5.4 மில்லிமீட்டர். வில்லையின் குவியத் தொலைவு 2.8, 4, 6 மில்லிமீட்டர் எனப் பலவாகக் கிடைக்கும். காமிராவின்மீதோ பெட்டியின்மீதோ அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு கிரவுண்டு மனையில், அதாவது 40 அடி அகலமும் 60 அடி நீளமும் கொண்ட மனையில் கட்டிய வீடு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்வாசல் போர்ட்டிகோவிலிருந்து வெளிக்கதவு 5 மீட்டர் தொலைவில் இருக்கிறது. கதவின் அகலம் 3 மீட்டர். இரண்டு மெகாபிக்சல் காமிராவில் எந்த வில்லை பொருந்தும்?

2.8 மி.மீ. வில்லையானால் காட்சியின் அகலம் 5.4 × 5 ÷ 2.8, அதாவது 9.6 மீட்டர். மீட்டருக்கு 200 புள்ளிகளே விழும், போதாது. 4 மி.மீ. வில்லையானால் அகலம் 6.75 மீட்டர், மீட்டருக்கு 284 புள்ளிகள், தேறிவிட்டது. 6 மி.மீ. வில்லையானால் 4.5 மீட்டர் அகலம், 427 புள்ளிகள். முகம் இன்னும் தெளிவு. கதவோ 3 மீட்டர்தான். ஆகவே 6 மி.மீ. வில்லையும் அதை முழுவதும் அடக்கிக்கொள்ளும். ஒரே விலையுள்ள காமிராவில் வில்லையை மட்டும் மாற்றியதால் பயன் இரண்டு மடங்கிற்கு மேல் கூடிவிட்டதைப் பாருங்கள். அகன்ற வில்லைகள் படத்தின் ஓரங்களை வளைத்துக் காட்டுவதால் உண்மையில் காட்சி இக்கணக்கைவிடச் சற்று அகன்றிருக்கும். எனவே கொஞ்சம் தாராளமாகவே கணக்கிடுவது நல்லது.

"ஒரே காமிராவில் வாசல், தெரு, தோட்டம் எல்லாம் தெரியும்" என்று விற்பவர் பெருமையாகச் சொன்னால், "அத்தனை அகலத்தில் முகம் தெரியுமா?" என்று கேளுங்கள். எல்லாக் காமிராவுக்கும் ஒரே வேலை கொடுக்க வேண்டியதில்லை. வாசல் காமிரா முகத்தைப் பதியட்டும். பின்கட்டுக் காமிராவுக்கு, ஆள் நடமாட்டம் தெரிந்தால் போதும். 12 மீட்டர் அகலமுள்ள பின்கட்டு முழுவதையும் 2.8 மி.மீ. வில்லை அடக்கினாலும் மீட்டருக்கு 160 புள்ளிகள் விழும். பக்கவாட்டில் உள்ள ஒடுங்கிய சந்துக்குக் காமிராவைத் தொண்ணூறு பாகை திருப்பி, நிற்கும் படமாகப் பதியச் செய்யலாம். இல்லாவிட்டால் படத்தின் இருபுறமும் சுவரைத்தான் பதிவு செய்துகொண்டிருக்கும்.

எவ்வளவு உயரத்தில்?

காமிராவைத் திருடன் கைக்கு எட்டாதபடி மாடி உயரத்தில் மாட்டிவிட ஆசை வருவது இயல்பு. ஆனால் அவ்வாறு மாட்டினால் அகப்படுவது முகமன்று, தலைமுடியும் தொப்பியும்தான்.

இதையும் கணக்கிடலாம். முகம் தரையிலிருந்து 1.6 மீட்டர் உயரத்தில் உள்ளது என்க. காமிரா 2.6 மீட்டர் உயரத்திலும் ஆள் 5 மீட்டர் தொலைவிலும் இருந்தால் காமிரா கீழ்நோக்கும் கோணம் சுமார் 11 பாகை. முகம் ஏறக்குறைய நேராகவே தெரியும். அதே காமிரா 5 மீட்டர் உயரத்தில் இருந்தால் கோணம் 34 பாகையாகிறது. குனிந்து நடப்பவனின் முகம் சுத்தமாக மறைந்துவிடும். எட்டரை அடி முதல் ஒன்பது அடி வரை உள்ள உயரம் வாசல் காமிராவுக்கு ஏற்றது. அது கைக்கு எட்டிவிடுமே என்றால், ஒரு காமிராவை மற்றொரு காமிரா பார்க்கும்படி அமைத்துவிடுங்கள்.

காலையிலோ மாலையிலோ சூரியன் நேராக வில்லையில் விழும் திசையையும் தவிர்க்கவேண்டும். வெளிச்சமான தெருவின் பின்னணியில் நிற்பவர் கறுத்த நிழலாகத் தெரிவார். டபிள்யு.டி.ஆர். என்ற வசதியுள்ள காமிராக்கள் குறைந்த ஒளிப்பதிவையும் மிகுந்த ஒளிப்பதிவையும் இணைத்து இக்குறையைப் பெரிதும் போக்குகின்றன. வாசலைப் பார்க்கும் காமிராவுக்கு இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள்.

இரவில் என்ன நடக்கிறது?

இருட்டியதும் காமிராவினுள் "டக்" என்ற ஓர் ஓசை கேட்கும். பகலில் அகச்சிவப்புக் கதிர்களைத் தடுத்துவந்த ஒரு சிறு வடிகண்ணாடி நகர்ந்து விலகும் ஓசை அது. கூடவே காமிராவைச் சுற்றியுள்ள அகச்சிவப்பு விளக்குகள் எரியத் தொடங்குகின்றன. அவற்றின் அலைநீளம் பெரும்பாலும் 850 நானோமீட்டர். நம் கண் காண்பதோ சுமார் 700 வரையில்தான். அதனால் நமக்கு மங்கலான செந்நிறப் புள்ளிகள் மட்டும் தெரியும்; காமிராவுக்கோ வாசல் முழுவதும் வெளிச்சம். ஆனால் நிறம் தெரியாது. சிவப்புச் சட்டையா பச்சைச் சட்டையா என்பதை இரவுப் படம் சொல்லாது.

மாணவர்கள் இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். தொலைக்காட்சியை இயக்கும் ரிமோட்டின் முனையைக் கைப்பேசிக் காமிராவுக்கு நேரே பிடித்து ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறும் கண்ணுக்குத் தெரியாத ஒளி, திரையில் மினுக்குவதைக் காணலாம். பின்புறக் காமிராவில் தெரியாவிட்டால் முன்புறக் காமிராவில் பாருங்கள். வடிகண்ணாடி வலுவாக இருந்தால் அது தெரியாமல் போகலாம்.

"இரவில் 30 மீட்டர் வரை தெரியும்" என்று பெட்டியில் எழுதியிருக்கும். ஒளியின் செறிவு, தொலைவின் இருமடிக்கு எதிர்த்தகவில் குறைகிறது. 5 மீட்டரில் கிடைக்கும் ஒளியில் நான்கில் ஒரு பங்குதான் 10 மீட்டரில் கிடைக்கும். 30 மீட்டரில் 36இல் ஒரு பங்கு. அங்கே ஆள் அசைவது தெரியலாம், முகம் தெரியாது. இதற்கு மறுதலையும் உண்டு. ஒரு மீட்டர் அருகில் வந்து நிற்பவர் முகத்தில் 5 மீட்டரில் விழுவதைப்போல் 25 மடங்கு ஒளி விழுகிறது. முகம் வெளுத்துத் திட்டாகிவிடுவது இதனால்தான். காமிராவுக்கு அருகே வெள்ளைச் சுவரோ தூணோ இருந்தாலும் அதில் பட்டுத் திரும்பும் ஒளி படத்தைக் கெடுக்கும். வில்லையின்மேல் சிலந்தி வலை பின்னினால் இரவில் படம் முழுவதும் வெண்படலமாகிவிடும். மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் துடைப்பது அவசியம்.

மற்றொரு சிக்கல் அசைவு. ஒளி குறைந்தால் காமிரா ஒவ்வொரு படத்தையும் நீண்ட நேரம் பதிகிறது. நொடியில் 25இல் ஒரு பங்கு நேரம் பதிவதாகக் கொண்டால், நொடிக்கு 1.4 மீட்டர் வேகத்தில் நடப்பவர் அதற்குள் 5.6 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுவார். முகத்தின் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு! படம் இழுபட்டுப் போவதில் வியப்பில்லை.

இவ்வளவுக்கும் எளிய மருந்து ஒரு சாதாரண விளக்கு. 9 வாட் எல்.இ.டி. பல்பு ஏறத்தாழ 900 லூமென் ஒளி தருகிறது. அது எல்லாப் பக்கமும் சமமாகப் பரவுவதாகக் கொண்டால், 5 மீட்டர் தொலைவில் 3 லக்ஸ் அளவு ஒளி கிடைக்கும். முழுநிலவின் ஒளியைப்போல் இது பத்து மடங்கு. விலையுயர்ந்த காமிராவைத் தேடுவதற்குமுன், வாசலில் இரவு முழுவதும் எரியும் ஒரு விளக்கைப் பற்றி எண்ணிப்பாருங்கள்.

கம்பியும் மின்சாரமும்

காமிராக்களில் இரு வகை உண்டு. ஒன்றில் படம், கோஆக்சியல் கம்பி வழியாக டி.வி.ஆர். என்ற பதிவுப் பெட்டிக்கு வருகிறது. மற்றதில் கணிப்பொறிகளை இணைக்கும் வலைக் கம்பி வழியாக என்.வி.ஆர். என்ற பெட்டிக்கு வருகிறது. இரண்டாம் வகையில் மின்சாரமும் அதே கம்பியில் போகும். 100 மீட்டர் வரை இழுக்கலாம். முதல் வகை விலை குறைவு. சாதாரண வீட்டுக்கு இரண்டுமே போதுமானவை. கம்பியில்லாத வைஃபை காமிரா பொருத்துவதற்கு எளிது. ஆனால் சுவர்கள் அதன் அலைகளை வலுவிழக்கச் செய்யும். பதிவு காமிராவினுள் உள்ள சிறு அட்டையில் மட்டும் இருந்தால், காமிராவைப் பிடுங்கிச் செல்பவன் சாட்சியையும் சேர்த்துக் கொண்டுபோகிறான்.

டி.வி.ஆர். வகைக்கு "3+1" என்னும் கம்பியைப் பயன்படுத்துவார்கள். படத்திற்கு ஒன்று, மின்சாரம் முதலியவற்றிற்கு மெல்லிய கம்பிகள் மூன்று. இங்கேதான் ஓம் விதி வருகிறது. 30 மீட்டர் தொலைவில் காமிரா இருக்கிறது. மின்னோட்டம் போகவும் வரவும் 60 மீட்டர் கம்பி. அதன் குறுக்குப் பரப்பு 0.2 சதுர மில்லிமீட்டர் என்றால் செம்பின் மின்தடை சுமார் 5 ஓம். பகலில் காமிரா 0.2 ஆம்பியர் எடுத்தால் 1 வோல்ட் குறைந்து 11 வோல்ட் கிடைக்கும்; குறையின்றி இயங்கும். இரவில் அகச்சிவப்பு விளக்குகள் எரிந்து 0.5 ஆம்பியர் எடுத்தால் 2.5 வோல்ட் குறைந்து 9.5 வோல்ட்தான் கிடைக்கும். காமிரா அணையும், அணைந்ததும் மின்னோட்டம் குறைந்து அழுத்தம் கூடும், மீண்டும் உயிர்பெறும், மீண்டும் அணையும். பகலெல்லாம் நன்றாக இருந்த காமிரா இரவில் மட்டும் விட்டுவிட்டு வேலை செய்தால், முதலில் கம்பியைச் சந்தேகியுங்கள். செம்பு பூசிய அலுமினியக் கம்பியானால் மின்தடை இன்னும் மிகும். தூய செம்புக் கம்பிதானா என்று கேட்டு வாங்குங்கள்.

மின்வெட்டு நேரத்தில் இயங்க இன்வெர்ட்டர் இணைப்பும் தேவை. நான்கு காமிரா 20 வாட், பதிவுப் பெட்டி 15 வாட், இணைய ரூட்டர் 10 வாட் எனக் கொண்டால் மொத்தம் 45 வாட். நான்கு மணி நேரத்திற்கு 180 வாட்-மணி. 12 வோல்ட், 150 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருப்பது 1800 வாட்-மணி. அதாவது பத்தில் ஒரு பங்குதான் செலவாகும்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்?

ஒரு படத்தில் 20 இலட்சம் புள்ளிகள், புள்ளிக்கு 24 பிட், நொடிக்கு 25 படங்கள் என்று பெருக்கினால் நொடிக்கு 124 கோடி பிட்டுகள் வரும். இதை அப்படியே சேமித்தால் எந்தத் தட்டும் தாங்காது. எனவே படங்களைச் சுருக்குகிறார்கள். எப்போதாவது ஒருமுறை முழுப்படத்தைப் பதிந்துகொண்டு, இடையில் மாறிய பகுதியை மட்டும் குறித்துக்கொள்வதே சுருக்கத்தின் அடிப்படை. 2003இல் வந்த எச்.264, 2013இல் வந்த எச்.265 ஆகிய முறைகள் இதைத் திறம்படச் செய்கின்றன. நொடிக்கு 20 இலட்சம் பிட்டுகளாகச் சுருங்கிவிட்டால், ஒரு காமிராவுக்கு ஒரு நாளில் 21.6 ஜிகாபைட் போதும். நான்கு காமிராவுக்கு 86.4 ஜிகாபைட். ஒரு டெராபைட் ஹார்ட் டிஸ்க்கில் ஏறத்தாழ 11 நாள் பதிவு நிற்கும். இரண்டு டெராபைட்டில் 23 நாள். தட்டு நிரம்பியதும் பழைய பதிவுகள் தாமாகவே அழியும்.

இரண்டு வாரம் ஊருக்குப் போகும் வழக்கமுடையவர் ஒரு டெராபைட் தட்டு வாங்கினால், அவர் திரும்பி வருவதற்குள் முதல் சில நாட்களின் பதிவு அழிந்துபோயிருக்கும். காட்சியில் ஆடிக்கொண்டிருக்கும் வேப்பமரம் இருந்தால் படம் இடைவிடாமல் மாறுவதால் இடமும் மிகுதியாகச் செலவாகும். கூடுமானவரை மரக்கிளைகளைக் காட்சிக்கு வெளியே விடுங்கள். பதிவுப் பெட்டியை வரவேற்பறையில் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைக்காமல், காற்றோட்டமுள்ள உள்ளறையில் பூட்டி வையுங்கள்.

இணையத்தில் ஒரு திறந்த கதவு

காமிராவை இணையத்தோடு இணைத்தால் எங்கிருந்தும் வீட்டைப் பார்க்கலாம். நாம் மட்டுமா பார்க்கலாம்? 2016ஆம் ஆண்டில் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் பரவியது. அது நுழைந்த வழி மிக எளியது. தொழிற்சாலையில் வைத்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டிருந்த காமிராக்களையும் பதிவுப் பெட்டிகளையும் அது தேடிப் பிடித்தது. அந்த ஆண்டு அக்டோபர் 21ஆம் நாள் அவற்றையெல்லாம் ஏவிவிட்டு அமெரிக்காவின் டின் என்ற இணைய நிறுவனத்தைத் தாக்கியதில், பெரிய பெரிய இணையதளங்கள் மணிக்கணக்கில் முடங்கின. வீட்டைக் காக்க வைத்த காமிராக்கள் பிறர் வீட்டை உடைக்கும் அடியாட்களாயின.

ஆகவே பொருத்துபவர் வீட்டை விட்டுப் போகுமுன் கடவுச்சொல்லை நீங்களே மாற்றுங்கள். அதை அவரிடமும் சொல்லவேண்டாம். காமிராவுக்குள் இருக்கும் நிரலை அவ்வப்போது புதுப்பியுங்கள். இந்தியாவில் காமிராக்கள் பாதுகாப்புச் சோதனைகளில் தேறியிருக்கவேண்டும் என்ற அரசு ஆணை 2024 ஏப்ரலில் வெளியாகி, 2025 ஏப்ரல் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. வாங்கும் பொருள் அவ்வாறு தேறியதா என்று கடையில் கேட்பது உங்கள் உரிமை.

அடுத்த வீட்டுச் சன்னல்

நமது பாதுகாப்பு பிறர் அமைதியைக் குலைக்கலாகாது. செக் நாட்டில் ஒருவர் வீடு பலமுறை தாக்கப்பட்டது, சன்னல்கள் உடைக்கப்பட்டன. அவர் கூரைக்கு அடியில் ஒரு காமிரா பொருத்தினார். அது தம் வாசலோடு பொதுநடைபாதையையும் எதிர்வீட்டு வாயிலையும் பதிந்தது. மறுபடி தாக்குதல் நடந்தபோது அந்தப் பதிவால் இருவர் அடையாளம் தெரிந்தனர். ஆயினும், பொது இடத்தையும் பதியும் காமிராவை முழுக்க முழுக்க வீட்டுச் சொந்தக் காரியம் என்று கருத முடியாது என ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம் 2014 டிசம்பர் 11இல் தீர்ப்பளித்தது. வீட்டைக் காக்கும் அவரது நியாயமான தேவையையும் கருத்தில் கொள்ளலாம் என்று அது கூறியது. ஆனால் தெருவில் நடப்பவருக்கும் உரிமை உண்டு என்பதை நிலைநாட்டியது. நம் நாட்டிலும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017 ஆகஸ்டில் தீர்ப்பளித்துள்ளது.

காமிராவை உங்கள் வெளிக்கதவோடு நிறுத்திக்கொள்ளுங்கள். அடுத்த வீட்டுச் சன்னலோ கிணற்றடியோ காட்சியில் வந்தால், அப்பகுதியைக் கறுப்புக் கட்டத்தால் மறைக்கும் வசதி பெரும்பாலான காமிராக்களில் உண்டு. காட்சியை அண்டைவீட்டாருக்கு ஒருமுறை காட்டிவிட்டால் மனக்கசப்புக்கு இடமிராது. வீட்டில் வேலை செய்பவருக்கும் காமிரா இருப்பதைச் சொல்லுங்கள். படுக்கையறைப் பக்கம் அது வேண்டவே வேண்டாம்.

சாட்சியாக நிற்க

நீதிமன்றத்தில் பதிவு செல்லவேண்டுமானால் அதில் உள்ள நாளும் நேரமும் சரியாக இருக்கவேண்டும். பத்து நிமிடம் பிந்திய கடிகாரம் நல்ல சாட்சியையும் கெடுக்கும். இணையத்திலிருந்து நேரத்தைத் தானே சரிசெய்துகொள்ளும் அமைப்பு பெட்டியில் இருக்கும். அதை இயக்கி வையுங்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவு, மின்னணுப் பதிவோடு உரிய சான்றிதழும் வேண்டும் என்கிறது. ஆகவே திருட்டு நடந்தால் பதிவை வெட்டி ஒட்டாமல், பெட்டியை அப்படியே வைத்துக்கொண்டு போலீசுக்குத் தெரிவியுங்கள்.

காமிரா எவ்வளவு தடுக்கும்?

காமிரா இருந்தால் திருட்டே நடக்காது என்று எண்ணிவிடாதீர்கள். பல நாடுகளின் நாற்பதாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, பொது இடங்களில் காமிராக்கள் வைத்ததால் குற்றங்கள் சுமார் 13 விழுக்காடு குறைந்ததாகக் கண்டது. வாகன நிறுத்துமிடங்களில் பயன் மிகுதி. வன்முறைக் குற்றங்களில் குறிப்பிடத்தக்க மாறுதல் இல்லை. விளக்கு, காவலர் போன்ற பிற ஏற்பாடுகளும் சேர்ந்த இடங்களில் பயன் கூடியது. வீட்டுக்கும் இதிலிருந்து பாடம் உண்டு. நல்ல தாழ்ப்பாள், வாசல் விளக்கு, நேசமுள்ள அண்டைவீட்டார் ஆகிய மூன்றுக்கும் துணையாக நிற்பதே காமிரா, அவற்றுக்கு மாற்றாகாது.

பொருத்தி முடித்ததும் ஒரு சோதனை செய்துவிடுங்கள். இரவு பத்து மணிக்கு வாசல் விளக்கை வழக்கம்போல் வைத்துவிட்டு, வீட்டில் ஒருவரைத் தெருவிலிருந்து இயல்பான வேகத்தில் உள்ளே நடந்துவரச் சொல்லுங்கள். பிறகு நேரடிக் காட்சியைப் பார்க்காமல், பதிவான படத்தை நிறுத்திப் பாருங்கள். முகம் தெரிகிறதா? அவரை அறியாத ஒருவரும் அந்தப் படத்தைக் கொண்டு அவரைக் கூட்டத்தில் கண்டுபிடிக்க முடியுமா? முடியும் என்றால் உங்கள் கணக்கு சரி. முடியாவிட்டால் பொருத்த வந்தவர் ஏணியை மடிக்குமுன் வில்லையையோ உயரத்தையோ விளக்கையோ மாற்றச் சொல்லுங்கள். மாற்றிய பின் மறுபடி ஒருமுறை நடந்து பாருங்கள்.